ஒரு தாவலுக்கு நாற்பது வயது

போன விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அவன் கையில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டைக் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் எதிரியிடமே செத்தான். அடுத்த முறை தாவி, அதன் தலையில் மிதித்தான். "மாமா, மிதிச்சா செத்துடுது!" என்று கத்தினான். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த விளையாட்டு அது. இவன் அம்மாவுக்கே அப்போது பள்ளி வயதுதான்.

அந்த முதல் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாரியோ இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. போகவேண்டிய திசை தானாகப் புரிகிறது. ‘கூம்பா’ என்ற அந்தப் பழுப்பு நிற எதிரி மெதுவாக வருகிறது. கேள்விக்குறி போட்ட கட்டியை முட்டினால் காசு. இன்னொன்றை முட்டினால் காளான். அது வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்புகிறது. இதுவும் எதிரியோ என்று பயந்து குதித்தால், மேலே உள்ள செங்கல்லில் தலை இடித்து, பெரும்பாலும் அதன் மேலேயே விழுவோம். விழுந்தால் மாரியோ பெரியவனாகிவிடுகிறான். காளான் நல்லது என்ற பாடம் முடிந்தது. திரையில் விளக்கமாக ஓர் எழுத்துகூட இல்லை.

அதே கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கிறது, தவறினாலும் உயிர் போகாது. அடுத்த ஜோடிக்கு நடுவே பள்ளம். பழகவிட்ட பிறகுதான் பரீட்சை வைக்கிறார்கள். விளையாட்டை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இந்தக் கட்டங்களை வரைபடத் தாளில் கையால் வரைந்தவர்கள்.

ஆனால் இது இன்றும் சலிக்காததற்கு முதல் காரணம் தாவல்தான் என்பேன். பொத்தானை லேசாகத் தொட்டால் சின்னத் துள்ளல், அழுத்திப் பிடித்தால் உயரம். அந்தக் காலத்துப் பல விளையாட்டுகளில் குதித்தால் குதித்ததுதான். நடுவானில் மனம் மாற வழியில்லை. மாரியோவை அந்தரத்திலும் திருப்பலாம். ஓடிவந்து சட்டென நின்றால் கால் வழுக்கும். அவன் உடம்பின் கனம் நம் கட்டைவிரலுக்குத் தெரிகிறது.

இத்தனையும் வெறும் 40 கிலோபைட்டுக்குள். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவே பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்க, வெள்ளை மேகத்தின் படத்தையே பச்சையாக்கிப் புதராக வைத்தார்கள். கோஜி கொண்டோவின் இசையும் இதற்குள்ளேதான்.

குறை உண்டு. கடைசிப் பகுதியில் வரும் கோட்டைகள் சிலவற்றில் வழி தவறினால் ஒரே பாதை சுற்றிச் சுற்றி வரும்; ஏன் என்று சொல்லாது. தன் மற்ற பாடங்களை அத்தனை அழகாக நடத்திய விளையாட்டுக்கு அது பொருந்தவே இல்லை.

தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில், கேசட் செருகி நம்மில் பலர் இதை ஆடியது, இந்த விளையாட்டு வெளிவந்த நிண்டெண்டோ கருவியின் நகல்களில்தான். இன்று நிண்டெண்டோ ஸ்விட்சில் அசலே கிடைக்கிறது. வீட்டுக் குழந்தையிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தயவுசெய்து எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.