ஒரு படகு, இரு பயன்: ஆற்றுக் கயாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நம் ஆண்டிதழில் கவிதைக்கும் சிறுகதைக்கும் இலக்கிய ஆய்வுக்கும் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. தண்ணீரில் நனைந்த கட்டுரைதான் அரிது. அந்தக் குறையைப் போக்க இம்முறை நான் துணிந்திருக்கிறேன். பொறியியல் படித்த காலத்தில் புறப்பாடப் புள்ளிகளுக்காகப் படகுக் கழகத்தில் சேர்ந்தவன் நான். புள்ளிகள் கிடைத்தன, பட்டமும் கிடைத்தது. துடுப்பை மட்டும் இன்னும் கீழே வைக்கவில்லை.

வார இறுதியில் ஆற்றங்கரையில் சந்திக்கும் இளையவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, ஒரு படகு வாங்கத்தான் காசு இருக்கு. ஆத்துல இறங்கிப் போகவும் வேணும், அலையில விளையாடவும் வேணும். எதை வாங்கலாம்?"

நியாயமான கேள்வி. புதிய ஆற்றுக் கயாக் ஒன்று, அது செய்யப்படும் அமெரிக்காவிலேயே ஆயிரம் டாலருக்கு மேல். கப்பல் செலவும் சேர்ந்து நம் கைக்கு வரும்போது, பகுதி நேர வேலை செய்து படிக்கும் மாணவருக்கு அது ஒரு பருவக் கட்டணத்தையே நினைவூட்டும். பொருந்தாத படகு பணத்தோடு நிற்பதில்லை. ஓட்டுபவரின் துணிவையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இரண்டும் ஒன்றல்ல

ஆற்றில் மேலே ஓரிடத்தில் இறங்கி, பாறைகளுக்கிடையே வழி கண்டு, கீழே ஓரிடத்தில் கரையேறும் பயணத்தை 'ரிவர் ரன்னிங்' என்பர். ஓரிடத்திலேயே நின்று ஓர் அலையிலோ நீர்க்குழியிலோ படகைச் சுழற்றிக் குத்துக்கரணம் அடிப்பது 'பிளேபோட்டிங்'. பின்னதன் போட்டி வடிவமே 'ஃபிரீஸ்டைல்'. அனைத்துலகப் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு 45 வினாடிகள் தருகிறார்கள்.

கடலில் அலை நகரும். ஆற்றில் அலை ஒரே இடத்தில் நிற்கும், நீர்தான் அதனூடே ஓடும். அதனால்தான் படகை அதன் முகத்தில் நிறுத்தி விளையாட முடிகிறது. பாறை மேல் வழிந்து விழும் நீர் தன்மீதே திரும்பிச் சுருளும் இடம் நீர்க்குழி. அதே குழி, வழிப்போக்கனுக்குத் தாண்ட வேண்டிய தடை, விளையாடுபவனுக்கு மைதானம். முன்னவனுக்கு மூக்கு உயர்ந்து குழியைத் தாண்டும் படகு வேண்டும்; பின்னவனுக்கு மூக்கும் வாலும் நீருக்குள் எளிதில் அமிழும் படகு வேண்டும். ஒரே படகில் இரண்டையும் கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

முதலில் உங்கள் ஆறு எது?

படகுப் பட்டியலைப் புரட்டுமுன் இந்தக் கேள்விக்கு விடை சொல்லுங்கள். ஆற்றின் கடினத்தை அனைத்துலக அளவில் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்பது லேசான சலசலப்பு. 6 என்பது உயிருக்கே சவால். கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆறும் கோப்பேங்கில் கம்பார் ஆறும் தலைநகரிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடியவை. கம்பார் ஆறு பெரும்பாலும் 1 முதல் 3 வரையிலான தரம். சபாவின் பாடாஸ் ஆறு 3, 4 எனப் பெருநீர் ஓடும் பள்ளத்தாக்கு. பியூபோர்ட்டிலிருந்து தெனோம் செல்லும் இரயில் பாதை அதன் கரையை ஒட்டியே போகிறது. சிங்கப்பூர் நண்பர்களுக்கோ அருகில் இருப்பது மெக்ரிட்சி போன்ற அமைதியான நீர்த்தேக்கம்தான். நுரை பார்க்க எல்லை தாண்ட வேண்டும்.

தீபகற்ப ஆறுகள் பெரும்பாலும் குறுகியவை, பாறை மிகுந்தவை. பெரிய அலைகள் நிறைந்த வெளிநாட்டு ஆறுகளுக்கென்று வடித்த 180 செ.மீ. விளையாட்டுப் படகை இங்கே கொண்டுவந்தால், விளையாட அலை தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஆண்டில் பத்து நாள் எந்த ஆற்றில் இறங்குவீர்களோ அந்த ஆற்றுக்கு வாங்குங்கள். என்றோ ஒருநாள் போகப்போகும் ஆற்றுக்கு வாங்காதீர்கள்.

நீளம்: வேகத்தின் கணக்கு

நீரைப் பிளந்து செல்லும் எந்தப் படகும் தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கிறது. அந்த எல்லை வேகம், நீரைத் தொடும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 1.85 மீட்டருக்கு 6.1, 2.7 மீட்டருக்கு 7.4.

வேறுபாடு சிறிதுபோல் தோன்றும். ஆனால் குறுக்கோட்டத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போக வேண்டிய நேரத்தில், அந்த ஒரு கிலோமீட்டர்தான் பாறைக்கு மேலே சேருவதா பாறையின் மீதே சேருவதா என்பதை முடிவு செய்யும். குட்டைப் படகு நினைத்தவுடன் திரும்பும்; ஆனால் நேராகப் போகாது. நீர்த்தேக்கத்தில் நீண்ட கயாக் ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் வட்டமடித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கொள்ளளவு: ஆர்க்கிமிடிசைக் கேளுங்கள்

என்னைப் பொறுத்தவரை தேர்வின் இதயமே இதுதான். ஒரு கிலோ எடையைத் தாங்க ஒரு லிட்டர் நீர் விலக வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவி, 17 கிலோ படகு, 6 கிலோ உபகரணம்: மொத்தம் 73 கிலோ. ஆகவே படகின் 73 லிட்டர் நீருக்கடியில் இருக்கும். 280 லிட்டர் படகானால் அது 26 விழுக்காடு; 200 லிட்டர் படகானால் 36 விழுக்காடு. 80 கிலோ எடையுள்ள ஆடவருக்கு மொத்தம் 103 கிலோ. 280 லிட்டர் படகில் அவருக்கு 37 விழுக்காடு அமிழும். 200 லிட்டர் படகில் பாதிக்கு மேல்.

அதாவது அவருக்கு 280 லிட்டர் எப்படியோ, அவளுக்கு 200 லிட்டர் அப்படி. நான் கண்ட அளவில், மூன்றில் ஒரு பங்கு வரை அமிழும் படகு பாதுகாப்பான பயணப் படகு. பாதியை நெருங்கினால் அது விளையாட்டுப் படகு. இரண்டும் வேண்டுமென்றால் 36 முதல் 40 விழுக்காட்டுக்குள் தேடுங்கள். இது ஆற்றங்கரைக் கணக்குதான். தயாரிப்பாளர் தரும் எடை வரம்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? கழகங்களில் உள்ள படகுகள் பெரும்பாலும் எண்பது கிலோ ஆடவருக்கென்று வாங்கியவை. எடை குறைந்த தங்கை ஒருத்தி அதில் ஏறுவாள். படகு தக்கைபோல் மிதக்கும். விளிம்பைச் சாய்க்க முடியாது, நீர் இழுத்த பக்கம் போகும், கவிழ்ந்தால் நிமிர்த்தவும் வராது. மூன்றாம் வாரம், "எனக்குக் கையில பலம் இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவாள். பலக் குறைவு அவளிடம் இல்லை. எண்பது லிட்டர் அதிகம் உள்ள படகில் அவளை உட்காரவைத்திருக்கிறோம். அவளுக்கேற்ற படகில் ஒருநாள் ஏற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடிப்புறமும் விளிம்பும்

உருண்டையான அடிப்புறம் மன்னிக்கும் குணமுடையது. பக்கவாட்டில் நீர் மோதினாலும் வழுக்கிவிடும். தட்டையான அடிப்புறம் அலைமேல் சறுக்கும், தட்டுப்போல் சுழலும். விளையாட அதுதான் வேண்டும். தட்டை அடிப்புறத்தோடு கூரிய விளிம்பும் வரும். விளிம்பு நீரைப் பிடித்துக்கொள்வதால் திருப்பம் துல்லியமாக அமையும். ஆனால் பாறைக்குப் பின்னாலுள்ள எதிரோட்டத்திலிருந்து ஆற்றோட்டத்துக்குள் நுழையும்போது, நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்திருந்தால் நீர் அதன்மேல் ஏறிக் கண்ணிமைக்கும் நேரத்தில் கவிழ்த்துவிடும். தொடக்கநிலையினர் மிதமான விளிம்புள்ள படகைத் தேர்ந்தெடுப்பது நலம்.

இன்னொன்று 'ராக்கர்'. வாழைப்பழம்போல் மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும் அளவு அது. மூக்கில் வளைவு கூடினால் குழிகளின் மேல் ஏறிப் போகும். மொத்தத்தில் கூடினால் வேகம் குறையும். இரு பயன் தேடுவோருக்கு, மூக்கில் நல்ல வளைவும் நடுவில் தட்டையும் கொண்ட படகு ஏற்றது.

நடுவழிப் படகு

1980களில் மூன்றரை மீட்டர் நெகிழிப் படகு ஒன்றே எல்லா வேலையும் செய்தது. 1990களில் படகுகள் குறுகின. டேகர் நிறுவனத்தின் ஆர்.பி.எம். போன்றவை ஏறக்குறைய 2.7 மீட்டரில் பயணத்துக்கும் விளையாட்டுக்கும் பயன்பட்டுப் புகழ்பெற்றன. 2000களில் விளையாட்டுப் படகு இரண்டு மீட்டருக்கும் கீழே போக, பயணப் படகு பருத்துத் தனி வழியில் சென்றது. பலர் இரண்டு படகு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2010களின் பிற்பகுதியில் காற்று மீண்டும் திரும்பியது. ஜாக்சன் நிறுவனத்தின் ஆன்டிக்ஸ், பிரான்ஹாவின் ரிப்பர் போன்ற படகுகள் வந்தன. இவ்வகைக்கு 'ஹாஃப் ஸ்லைஸ்' என்று பெயர்: மூக்கில் பருமன், வாலில் மெலிவு.

இதன் தந்திரம் எளிது. பருத்த மூக்கு உங்களைக் குழியிலிருந்து மேலே கொண்டுவருகிறது. மெலிந்த வாலை எதிரோட்டக் கோட்டில் நீருக்குள் அழுத்தினால் படகு செங்குத்தாக நிமிர்ந்து சுழலும். அதற்குப் பெரிய அலை தேவையில்லை. நம் சிற்றாறுகளில் பாறைக்குப் பாறை அந்த வாய்ப்புண்டு. எனவே 240 முதல் 275 செ.மீ. வரையிலான ஹாஃப் ஸ்லைஸ்தான் நம் நிலத்துக்கு ஏற்ற விடை என்பது என் முடிவு. இதில் ஆகாயத்தில் குத்துக்கரணம் அடிப்பது கடினம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆற்றின் நடுவே ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், அது விளையாட்டாக இருக்கட்டும். பாதுகாப்பாக இருக்க வேண்டாம்.

உட்கார்ந்து பாருங்கள்

காலணி வாங்கும்போது போட்டுப் பார்க்கிறோம், படகிலும் அப்படியே. ஆற்றுக் காலணியோடு இருபது நிமிடம் தரையிலேயே உட்காருங்கள். பாதம் மரத்துப் போகக்கூடாது. இடுப்பு அசைந்தால் படகும் அசைய வேண்டும். தொடைகள் மேல்தாங்கியில் பதிய வேண்டும். அதே வேளை, இடுப்பைச் சுற்றி மூடும் ரப்பர் ஸ்கர்ட்டை இழுத்ததும் தடையின்றி வெளியே வரவும் வேண்டும். ஸ்கர்ட், படகின் வாய் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பழைய படகு வாங்குவோருக்கு

மாணவர்களுக்கு இதுவே நடைமுறை வழி. இருக்கைக்குக் கீழே அடிப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மற்ற இடத்தைவிட எளிதில் அமுங்கினால் அங்கே தேய்ந்து மெலிந்துவிட்டது. நீர் வடிக்கும் திருகுமூடியைச் சுற்றியும் வாய் விளிம்பிலும் விரிசல் தேடுங்கள். நிறம் வெளுத்துச் சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த படகு. கீறல்கள் இயல்பானவை; விரிசல் அப்படியல்ல. பாலிஎதிலீனை உருக்கி ஒட்டலாம், ஆனால் ஒட்டு பழைய உறுதியைத் தராது. வாங்கியபின் நிழலில் வையுங்கள். 2.7 மீட்டர் படகு மைவியின் கூரையில் தாராளமாக அமரும்.

காற்றுப்பைகளை மறவாதீர்கள். மூழ்கிய 200 லிட்டர் படகில் நிறையும் நீரின் எடை 200 கிலோ. வால்பகுதியில் பை இருந்தால் அத்தனை நீர் புகாது. நண்பர்கள் உங்கள் படகை மீட்பதும் எளிது.

எந்தப் படகும் ஈடுசெய்யாதவை

தலைக்கவசம், மிதவைச் சட்டை, எறிகயிறு, குறைந்தது இரு தோழர்கள்: இவையின்றி எந்த நல்ல படகும் நல்ல படகல்ல. கவிழ்ந்த படகை நிமிர்த்தும் 'ரோல்' பயிற்சியை நீச்சல் குளத்திலேயே முடித்துவிடுங்கள். நம் ஆறுகளுக்கே உரிய இன்னோர் ஆபத்து, மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேலே மலையில் மழை பெய்திருக்கும். நீர் திடீரெனக் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், காரணம் ஆராயாமல் கரையேறுங்கள்.

நிறைவாக

ஆற்றை முதலில் தேருங்கள், எடையைக் கணக்கிடுங்கள், பிறகு படகைப் பாருங்கள். நிறத்தையும் பெயரையும் கடைசியாகப் பார்த்தால் போதும்.

முன்னாள் மாணவர்களான அண்ணன் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பயின்ற கழகத்துக்குப் பழைய படகு ஒன்றைக் கொடுக்க மனம் வந்தால், சிறிய அளவு படகாகப் பார்த்துக் கொடுங்கள். பெரிய படகுகள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. "பலம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போன அந்தத் தங்கைகள் திரும்பி வர, இருநூறு லிட்டர் படகு ஒன்று போதும்.