காலடியில் கிடக்கும் செருப்படை

பங்குனி மாதத்தில் நாஞ்சில் நாட்டுப் பக்கம் வரும் நேயர்கள், ஒரு நிமிஷம் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். கும்பப்பூ அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல்களிலும், நீர் வற்றிய குளத்தின் ஓரங்களிலும், பூமியோடு பூமியாய் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு பூண்டு படர்ந்திருக்கும். அதுதான் செருப்படை.

சென்ற கோடையில் என் மாணவர்களை அழைத்துக்கொண்டு அதைத் தேடிப் போனேன். ஒரு மணி நேரம் அலைந்த பிறகு ஒரே ஒரு செடி அகப்பட்டது. "ஸார், இதை மிதித்துக்கொண்டல்லவா வந்தோம்!" என்றான் ஒரு பையன்.

மிதிபட்டாலும் அதன் அமைப்பு அதிசயமானது. மடிப்பு மடிப்பான இலை. அதன் மேல் வெண்ணிற ரோமம். இலையின் அடிப்பாகத்தில் ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. பூவோ கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதற்கு இதழ் நான்கு, மகரந்தத் தாள் நான்கு. காயிலும் விதைக் கூறுகள் நான்கே. இலையை அரைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது நாட்டு வைத்தியம்.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், நியூயார்க்கில் வாழ்ந்த கால்டன் என்ற மருத்துவரைக் கௌரவித்து, இதற்குக் 'கோல்டேனியா' என்று பெயர் சூட்டினார். அமெரிக்கச் செடிகள் சிலவற்றையும் ஒரு காலத்தில் இந்தப் பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். பின்னர் அவற்றைப் பிரித்துவிட்டார்கள். இன்று இப்பேரினத்தில் எஞ்சியிருப்பது செருப்படை ஒன்றே. 2016-ஆம் ஆண்டில் தாவர அறிஞர் குழு ஒன்று இதற்கென்றே தனிக் குடும்பமும் வகுத்தது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள பூண்டுதான். எனினும் உலகில் இதற்கு நெருங்கிய உறவினர் எவரும் இல்லை!

இதன் வாழ்வு நீரின் வரவு செலவுக் கணக்கைப் பொறுத்தது. தண்ணீர் வடிந்த ஈரத்தில் முளைத்து, கன்னிப்பூ நடவுக்கு உழவு தொடங்குமுன் பூத்துக் காய்த்து விதை உதிர்த்தாக வேண்டும். வயலை மண் கொட்டி மேடாக்கி மனையாக்கினால், நீர் வருவதுமில்லை, வடிவதுமில்லை. களைக்கொல்லி தெளித்தாலோ, விதை முதிரும் முன்பே செடி மாய்ந்துவிடும்.

பையன் அந்தச் செடியைப் பிடுங்கக் கை நீட்டினான். நான் தடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டு திரும்பினோம். திரும்பும்போது, சொல்லாமலே எல்லோரும் வரப்பின் மேல் ஏறி நடந்தார்கள்.