வெப்கேமில் முகம் தெரியலையா? பதற வேண்டாம் தோழிகளே!



இந்தப் பகுதியில் ஒரு சகோதரி தன் மனக்குறையை எழுதியிருந்தார். லீவில் வந்த மகன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புதிதாக வெப்கேம் வாங்கி மாட்டிவிட்டுப் போனாராம். "அவன் ஊர் போய்ச் சேர்ந்ததும் பேசலாம்னு உட்கார்ந்தா குரல் கேக்குது, முகம் மட்டும் வரலை. ஒரே கறுப்பு. கடைக்காரர் வந்து பார்க்கவே ஐந்நூறு ரூபாய் கேக்கறார். புதுசு வாங்கிடறதா?" என்று கேட்டிருந்தார். அவருக்கும், அவரைப் போலத் தவிக்கிற மற்ற சகோதரிகளுக்கும் உதவட்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

மிக்ஸி ஓடவில்லை என்றால் உடனே புது மிக்ஸி வாங்கிவிடுகிறோமா என்ன? ப்ளக் சரியாக இருக்கிறதா, ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அடியில் இருக்கிற சின்ன பட்டனை அமுக்கினால் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெப்கேமும் அப்படித்தான். புது கேமரா தானே கெட்டுப்போவது குறைவு. நம் முகம் மகன் வீட்டுத் திரைக்குப் போக ஐந்து வாசல் தாண்ட வேண்டும். கேமராவின் கண், வயர், கம்ப்யூட்டர், அனுமதி, கடைசியாகப் பேசுகிற புரோகிராம். இதில் ஏதாவது ஒரு வாசல் சாத்தியிருந்தாலும் படம் வராது. நம் பக்கத்திலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டே போனால் எது சாத்தியிருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும்.

முதல் வாசல்: கேமராவின் கண்

சிரிக்காதீர்கள், இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. புது கேமராவில் கண்ணாடி கீறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். பல கேமராக்களில் பக்கவாட்டில் தள்ளுகிற குட்டி மூடி ஒன்று இருக்கும். அது மூடியிருந்தால் எல்லாம் சரியாக இருந்தாலும் திரை கறுப்புதான். லேப்டாப் என்றால் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்சோ, மேல் வரிசையில் கேமரா படம் போட்ட ஒரு விசையோ இருக்கலாம். பேரப்பிள்ளைகள் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட தடம்தான் பாதி மங்கலுக்குக் காரணம்.

இரண்டாம் வாசல்: வயர்

வயரை உருவி மறுபடி செருகுங்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கம் செருகியிருந்தால், பின்பக்கம் இருக்கும் யுஎஸ்பி துளைக்கு மாற்றிப் பாருங்கள். பின்பக்கத் துளைகள் நேராக உள்ளே இருக்கும் போர்டிலேயே இருப்பவை. முன்பக்கத் துளைக்கு உள்ளே தனியாக ஒரு வயர் ஓடும். பழைய பெட்டிகளில் அது தளர்ந்திருக்கும். நாலைந்து துளை உள்ள 'ஹப்' வழியாகவோ, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டோ மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. சுவரைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனால் படம் விட்டு விட்டு வரும், அல்லது வரவே வராது.

மூன்றாம் வாசல்: கம்ப்யூட்டர்

இப்போது ஒரு சோதனை. விண்டோஸில் 'கேமரா' என்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆங்கிலத்தில் கேமரா என்று தட்டினால் வந்துவிடும். அதைத் திறந்ததும் உங்கள் முகம் தெரிந்தால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். கேமராவும் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாகவே இருக்கின்றன. குறை அடுத்த இரண்டு வாசலில்தான்.

முகம் தெரியாமல் ஆங்கிலத்தில் ஒரு செய்தியும் நீளமான எண்ணும் வந்தால், அந்த எண்ணின் கடைசியை மட்டும் பாருங்கள். 4244 என்று முடிந்தால் கேமராவையே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். 4243 என்று முடிந்தால் வேறு ஏதோ புரோகிராம் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே அம்மியில் இரண்டு பேர் அரைக்க முடியாது இல்லையா? திறந்திருக்கிற மற்றதையெல்லாம் மூடிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

கேமராவே தெரியவில்லை என்றால், ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸின் வலது பக்கத்தைத் தட்டுங்கள். வருகிற பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதில் 'கேமராஸ்' அல்லது 'இமேஜிங் டிவைசஸ்' என்ற வரியைத் தேடுங்கள். கேமரா பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், கேமராவோடு பேசுகிற 'டிரைவர்' என்ற மென்பொருளில் கோளாறு இருக்கலாம். அந்தப் பெயர் மேல் வலது தட்டு தட்டி 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, வயரை உருவி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, மறுபடி செருகுங்கள். இப்போதைய கேமராக்கள் பெரும்பாலானவற்றுக்கு சிடி எதுவும் தேவையில்லை. விண்டோஸே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால் கேமராவைப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால்தான் கேமரா மேல் சந்தேகப்பட வேண்டும். பில்லும் வாரண்டி கார்டும் பத்திரமாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

நான்காம் வாசல்: அனுமதி

நிறையப் பேர் மாட்டிக்கொண்டு முழிப்பது இங்கேதான். கேமரா நல்லாத்தான் இருக்கும், ஆனால் யாரும் தொடக்கூடாது என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டிருக்கும். 'செட்டிங்ஸ்' திறந்து 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், அதில் 'கேமரா' என்பதைத் தட்டுங்கள். விண்டோஸ் 10 என்றால் வெறும் 'பிரைவசி' என்று இருக்கும். அங்கே ஒன்றன் கீழ் ஒன்றாக ஸ்விட்சுகள் தெரியும். மேலே இருப்பது மெயின் ஸ்விட்ச் மாதிரி, அது அணைந்திருந்தால் கீழே எதுவும் வேலை செய்யாது. 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று கீழே தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதையும் போடுங்கள். பேசுவதற்கு வைத்திருக்கும் புரோகிராம்கள் பலவும் அதற்குள் வரும். மைக்குக்கும் இதே போல் தனி அனுமதி உண்டு. முகம் தெரிந்து குரல் போகவில்லை என்றால் அங்கே பாருங்கள்.

ஐந்தாம் வாசல்: பேசுகிற புரோகிராம்

வாட்ஸ்அப், ஜூம் எதுவானாலும் அதன் செட்டிங்ஸில் 'வீடியோ' அல்லது 'கேமரா' என்று ஒரு இடம் இருக்கும். லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு கேமரா இருந்து, புதிதாக ஒன்று மாட்டியிருந்தால், புரோகிராம் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பட்டியலில் புதியதைத் தேர்ந்தெடுங்கள். மைக்குக்கும் அப்படியே. பிரௌசர் வழியாகப் பேசுகிறவர்கள், மேலே முகவரி எழுதும் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன அடையாளத்தைத் தட்டினால் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியும். முதல் தடவை கேட்டபோது 'பிளாக்' என்பதைத் தட்டிவிட்டால் பிறகு அது கேட்காது. நாம்தான் போய் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. பழைய கம்ப்யூட்டரில் ஸ்கைப் இருந்து, "முன்னே எல்லாம் வந்துச்சே" என்று அதையே தட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. 2003-ல் தொடங்கிய அந்தச் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பாவம், கேமராவைக் குறை சொல்லாதீர்கள்!

முகம் தெரிகிறது, ஆனால் தெளிவில்லையே!

"கைபேசியிலேயே முகம் பார்க்கலாமே, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. காது மந்தம். மிஷின் வைத்தாலும் போன் பேச்சு புரியாது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். கைபேசியின் சின்னத் திரையில் உதடு தெரியாது, கையும் நடுங்கும். பஹ்ரைனில் இருக்கிற என் நாத்தனார் இத்தனை வருஷமாகத் தன் அம்மாவிடம் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான். "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று அம்மா என் முகத்தையே பார்ப்பார். மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மருமகள் எத்தனை விஷயத்துக்குத் தூது போக முடியும், சொல்லுங்கள்?

நாத்தனார் அங்கே கம்ப்யூட்டருக்கு வெப்கேம் மாட்டினார். இங்கேயும் ஒன்று மாட்டினோம். படம் வந்தது, ஆனால் உதடு தெரியவில்லை. அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் வெளிச்சம் அதிகமாக இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முகம் நிழலாகிவிடும். மேஜையைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொன்னேன். முகம் பளிச்சென்று வந்தது. கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினார். அன்றைக்கு அவர் நிதானமாக, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதும், என் மாமியார் என்னைத் திரும்பிப் பார்க்காமல் தானே பதில் சொன்னார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

குரல் முன்னே, படம் பின்னே என்று வந்தாலும் உதடு பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. பேசுகிற நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இன்டர்நெட்டில் சினிமா பார்க்காமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும். முடிந்தால் வைஃபை இல்லாமல் மோடத்திலிருந்து நேராக வயர் போடுங்கள். புரோகிராமில் 'ஹெச்டி' இருந்தால் அணைத்துவிடுங்கள். படத்தின் நேர்த்தி கொஞ்சம் குறைந்தாலும் தடங்காமல் ஓடும்.

திரையில் குறுக்குக் கோடுகள் ஓடுகின்றனவா? அது டியூப்லைட் செய்கிற வேலை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் ஒரு நொடிக்கு 100 தடவை மினுங்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். கேமரா அந்தக் கணக்கில் இருந்தால் கோடு விழும். கேமரா செட்டிங்ஸில் 'ஆன்டி ஃப்ளிக்கர்' அல்லது 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்று இருந்தால் அதில் 50-ஐ வையுங்கள்.

கூப்பிட்டு வருகிற 'உதவி'

இதுவரை சொன்னது எதுவும் பலிக்காவிட்டால், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தேடுபொறியில் கிடைத்த ஏதோ ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். "மேடம், ஒரு சின்ன புரோகிராம் போடுங்க, நானே இங்கிருந்து சரி பண்றேன்" என்பார்கள். அதைப் போட்டு, அவர்கள் கேட்கும் எண்ணையும் சொல்லிவிட்டால் உங்கள் திரை முழுக்க அவர்கள் கையில். பேங்க் கணக்கைத் திறந்தால் அதுவும் தெரியும். முன்பின் தெரியாதவருக்கு அந்த அனுமதியும் வேண்டாம், ஓடிபி எண்ணும் வேண்டாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நாடு முழுதுக்குமான சைபர் குற்ற உதவி எண் அது. எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனைக்கு மீட்க வாய்ப்பு.

பேசி முடித்ததும் கேமரா மூடியைத் தள்ளி மூடிவிடுங்கள். அமெரிக்காவில் இளம் பெண்களின் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, கேமரா வழியே அவர்களைப் படமெடுத்து மிரட்டிய ஒரு மாணவனுக்கு 2014-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க்கே தன் லேப்டாப் கேமராவுக்கு டேப் ஒட்டியிருந்தது 2016-ல் அவர் வெளியிட்ட ஒரு போட்டோவில் தெரிந்தது. மூடி இல்லாத கேமராவுக்கு நம்மிடம் இருக்கவே இருக்கிறது ஸ்டிக்கர் பொட்டு! பசை கண்ணாடியில் படாமல் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ஒட்டிவிடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் குரல் கேட்கிறது, அதனால் இன்டர்நெட் சரியாகத்தான் இருக்கிறது. முதலில் மூடியைப் பாருங்கள், அடுத்து வயரை, அப்புறம் அனுமதி ஸ்விட்சுகளை. கடைக்காரருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த ஐந்து வாசலையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். மகன் முகம் தெரிந்ததும் இந்தப் பகுதிக்கு மறக்காமல் ஒரு வரி எழுதுங்கள். எந்த வாசல் சாத்தியிருந்தது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
வாசகி ஒருவர், மயிலாடுதுறை.