நிறுத்தியதை மறுபடி சாப்பிடுங்கள்

வயிற்றுக்குள்ளே – 17

சீலியாக் நோய் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பல வருடமாக வயிற்று உப்புசம், அவ்வப்போது பேதி, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் ஏறாத ஹீமோகுளோபின். யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு சப்பாத்தி, பூரி, பிஸ்கட், ரவை உப்புமா எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். வயிறு லேசாகிவிட்டது. பல மாதம் கழித்து, என்னதான் நோய் என்று தெரிந்துகொள்வோமே என்று ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. "அப்படியானால் எனக்கு சீலியாக் இல்லைதானே சார்?" என்று கேட்கிறார்.

இல்லை என்று சொல்ல முடியாதம்மா. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அந்தக் காகிதத்தில் உங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை.

காரணம் எளிது. ரத்தத்தில் அவர்கள் தேடியது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை அல்ல. குளூட்டன் உள்ளே வரும்போது உடம்பு செய்யும் கலகத்தை. சீலியாக் உள்ளவர் கோதுமை, பார்லி, ரை சாப்பிட்டால் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடம்பின் ஒரு நொதிக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற அந்த நொதியை 1997-இல் பெர்லினில் டெட்லெஃப் ஷுப்பானின் குழு அடையாளம் கண்டது. இன்று ஆய்வகச் சீட்டில் 'டிடிஜி ஐஜிஏ' என்று அச்சாகி வருவது அந்த ஆன்டிபாடியின் அளவுதான். கோதுமையை நிறுத்திய சில வாரங்களிலேயே அது இறங்கத் தொடங்கும். ஆறு மாதம், ஒரு வருடத்தில் பலருக்கு இயல்பு நிலைக்கு வந்துவிடும். எண்டோஸ்கோபி வழியாக முன்சிறுகுடலில் எடுக்கும் சதைத் துணுக்குகளுக்கும் இதே கதிதான், அங்கே மட்டும் கொஞ்சம் தாமதம். தேய்ந்துபோன குடலுறிஞ்சிகள் மெல்ல மெல்ல மறுபடி முளைக்கும். நோய் இருந்த தடயத்தை நோயாளியே நல்லபடியாகத் துடைத்துவிட்ட பிறகு பரிசோதனை என்ன செய்யும்?

"நிறுத்தியதும் குணமானதே, அதுவே அத்தாட்சி இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இந்த நோயின் சரித்திரமே அந்தக் கேள்விக்குப் பதில்.

1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைப் பற்றி எழுதியபோது, குணமாவதென்றால் உணவால்தான் குணமாகும் என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் அவர் கொடுத்த உணவுப் பட்டியலில் மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டி இருந்தது! 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை நம்பினார். சாவின் விளிம்பில் இருந்த பிள்ளைகள் அவர் கையில் தேறினார்கள். வாழைப்பழம்தான் காப்பாற்றியது என்று அவரும் நினைத்தார், உலகமும் நினைத்தது. காப்பாற்றியது அவர் தட்டிலிருந்து எடுத்துவிட்ட ரொட்டி. ஒரே சமயத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாழைப்பழ மருத்துவம் சில பத்தாண்டுகள் ஓடியது.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45 பஞ்சத்தில், ரொட்டி கிடைக்காதபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், அதைப் பார்த்து அவருக்குப் பொறி தட்டியது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். கதைக்கு அழகாக இருக்கிறது. உண்மையில் போருக்கு முன்பே, ஹேக் நகர ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தபோதே, அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. உணவை மாற்றிப் பார்க்கவும் தொடங்கியிருந்தார். பஞ்சம் அந்தச் சந்தேகத்தை உறுதியாக்கியது, அவ்வளவே. நான் அவரை மதிப்பது அதற்குப் பிறகு செய்த வேலைக்காக. தேறிய குழந்தைகளுக்கு மறுபடி கோதுமை கொடுத்தார். மலத்தில் வீணாகும் கொழுப்பை வேதியியலாளர் வான் டி காமரின் முறையில் அளந்தார். கோதுமை வந்தால் கொழுப்பு ஏறும், போனால் இறங்கும். 1950-இல் உட்ரெக்ட்டில் சமர்ப்பித்த அவருடைய ஆய்வேட்டின் உயிர்நாடி இதுதான். நிறுத்தியதில் கிடைத்தது சந்தேகம். திருப்பிக் கொடுத்ததில் கிடைத்தது சாட்சியம்.

மதுரை வாசகிக்கு மருத்துவர் சொல்லப்போவதும் அதையேதான். மறுபடி சாப்பிடச் சொல்வார். எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை, குறைந்தது ஆறு வாரம் என்கிறது. அமெரிக்காவில் 2013-இல் வந்த வழிகாட்டி நாளைக்கு 3 கிராம் குளூட்டன், இரண்டு வாரம். தாங்க முடிந்தால் எட்டு வாரம் வரை என்றது. 3 கிராம் என்றால் மலைக்க வேண்டாம். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

அந்த இரண்டு வாரக் கணக்குக்கு அடிப்படை 20 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு. ஏற்கெனவே சீலியாக் உறுதியாகி, பத்தியத்தில் இருந்தவர்களுக்குப் பதினான்கு நாள் குளூட்டன் கொடுத்தார்கள். பெரும்பாலோரின் குடலில் அதற்குள் மாற்றம் தெரிந்தது. ரத்தத்தில் ஆன்டிபாடி பதினான்காம் நாள் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. சாப்பிடுவதை நிறுத்தி மேலும் இரண்டு வாரம் ஆன பின்னர், இருபத்தெட்டாம் நாளில்தான் நன்றாக எகிறியது. ரத்தம் குடலைவிட மந்தம். "ஒரு வாரம் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு லேபுக்குப் போகிறேன்" என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க.

இதை வீட்டில் தானாகச் செய்யாதீர்கள். கோதுமை பட்டால் உதடு வீங்குவது, மூச்சு முட்டுவது போன்றவை வேறு வகை ஒவ்வாமை. அவர்கள் ஒரு கவளம்கூடச் சோதித்துப் பார்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை உகந்ததல்ல. மற்றவர்களுக்கும் அது சுகமான காலமாக இருக்காது. நிறுத்திப் பழகிய வயிறு திரும்பவும் முரண்டு பிடிக்கும், சிலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

அதனால் சப்பாத்திக்கு முன்னால் ஒரு மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம். எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டில் ஒன்றாவது இல்லாதவருக்கு சீலியாக் வருவது மிக மிக அரிது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மரபணு மாறப்போவதில்லை, ஆகவே என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் இது ஒரு பக்கம் மட்டும் பேசும் சாட்சி. மரபணு இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எவ்வளவு அர்த்தமில்லை என்பதை நம் ஊர்க் கணக்கே காட்டுகிறது. 2016-இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். தெற்கின் களம் வேலூர்ப் பக்கம். அந்த மரபணு வடக்கே 38 சதவீதம் பேரிடம், தெற்கே 36 சதவீதம் பேரிடம், கிட்டத்தட்ட சமம். ரத்தத்தில் சீலியாக் ஆன்டிபாடி இருந்தவர்களோ வடக்கே 1.23 சதவீதம், தெற்கே வெறும் 0.10. பிறகு ஏன்? வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம், ஒரு சப்பாத்திக்கும் குறைவு. வேறுபாட்டுக்கு உணவே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சர்க்கரை வந்த வீட்டில் எல்லாம் "ராத்திரி சப்பாத்தி" சட்டமாகிவிட்ட பிறகு, அடுத்த தலைமுறையில் இந்த எண் என்னவாக இருக்கும் என்று எனக்கு ஆவலாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் கோதுமையை விட்டுச் சுகம் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு சீலியாக் இருக்காது. பத்தில் ஆறு பேருக்கு மரபணுப் பரிசோதனையோடு விஷயம் முடிந்துவிடும். அப்படியானால் வயிறு எப்படிச் சரியானது? நார்வேயில் 2018-இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். சீலியாக் இல்லாத, ஆனால் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாகவே நிறுத்தியிருந்த 59 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமல் மூன்று வகைத் தானியக் கட்டிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான், ஒன்றில் இரண்டுமில்லை. அதிகம் உபத்திரவம் செய்தது ஃப்ரக்டான். கோதுமையிலுள்ள ஒரு மாவுச்சத்து அது. வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. ஹாஸின் வாழைப்பழம் போலத்தான். சுகம் வந்தது நிஜம், காரணம் வேறு.

வயிறு நன்றாகத்தானே இருக்கிறது, பெயர் எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உப்புசம் மட்டும் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஏறாத ஹீமோகுளோபினுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சீலியாக் என்றால் பத்தியம் ஆயுளுக்கும். விசேஷத்தில் ஒரு பூரி, பயணத்தில் ஒரு பன் என்ற சலுகை கிடையாது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர், பிள்ளைகள், பெற்றோருக்கும் சோதிக்க வேண்டும், அவர்களில் நூற்றுக்கு 7 முதல் 10 பேருக்கு இருக்க வாய்ப்புண்டு. சீலியாக் இல்லை என்றால் இவ்வளவு கெடுபிடி வீண். ரத்தசோகைக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும், அது சில சமயம் அவசரமான காரணமாகவும் இருக்கும்.

சாப்பிடாமலே கண்டுபிடிக்கும் வழியைத் தேடுகிறார்கள். ஆஸ்லோவில் லுட்விக் சொலிட்டின் குழு, குளூட்டனை அடையாளம் காணும் டி செல்களை ரத்தத்திலேயே தேடிப் பிடிக்கிறது. மெல்போர்னில், எடுத்த ரத்தத்தில் குளூட்டனைக் கலந்து, இன்டர்லூக்கின்-2 என்ற பொருள் சுரக்கிறதா என்று பார்க்கிறார்கள். கலகத்தை உடம்புக்குள் மூட்டாமல் குழாய்க்குள் மூட்டும் யோசனை. அருமையான யோசனைதான், ஆனால் நம் ஊர் ஆய்வகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னும் கோதுமையை நிறுத்தாதவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுங்கள். டிடிஜி-யோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையே உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் முடிவு 'நெகட்டிவ்' என்றே வரும்.

(அடுத்த வாரம்: கூட்டுப் பெருங்காயத்தில் மைதா, மால்ட் பானத்தில் பார்லி)