விரலியிலிருந்து விழித்தெழும் கணினி

மாணவர்களே, நாளை ஒப்படைக்க வேண்டிய இடுபணி உங்கள் மடிக்கணினிக்குள் இருக்கிறது. விண்டோஸோ திறக்க மறுக்கிறது. உடனே கலங்க வேண்டாம். இயங்குதளம் பழுதானாலும் கோப்புகள் வன்தட்டில் அப்படியே இருக்கலாம். அவற்றை மீட்க ஒரு விரலி உதவும்.

கணினி எப்படி விழிக்கிறது?

பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள யுஇஎஃப்ஐ என்னும் நிரலே முதலில் எழுகிறது. அது நினைவகம், விசைப்பலகை போன்றவற்றைத் தயார்செய்துவிட்டு, இயங்குதளத்தை எழுப்பும் தொடக்க நிரலைத் தேடுகிறது. வழக்கமாக அது வன்தட்டில் கிடைக்கும். விரலியில் தேடச் சொன்னால் அங்கும் தேடும்.

செய்முறை

1. நன்றாக இயங்கும் வேறொரு கணினியில், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்குங்கள்.

2. 8 ஜிபி விரலியைச் செருகி, ரூஃபஸ் செயலியின் மூலம் அக்கோப்பை எழுதுங்கள். விரலியில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும், கவனம்! வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் பயனில்லை. ஐஎஸ்ஓ என்பது கட்டிய பொட்டலம். யுஇஎஃப்ஐ அதைப் பிரித்துப் பார்க்காது. தொடக்க நிரல் உரிய இடத்தில் இருந்தால்தான் அதன் கண்ணில் படும்.

3. பழுதான கணினியில் விரலியைச் செருகி, இயக்கியவுடன் எஃப்12 விசையைத் தட்டுங்கள். சில கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். பட்டியலில் விரலியைத் தேர்ந்தெடுங்கள்.

4. திரையில் மின்ட் தோன்றியதும், கோப்புகளை இன்னொரு விரலிக்கு நகலெடுங்கள். 'இன்ஸ்டால்' சின்னத்தைத் தொடாதீர்கள். அது வன்தட்டையே அழித்துவிடக்கூடும்.

மின்ட் இப்போது நினைவகத்திலும் விரலியிலும்தான் இயங்குகிறது. கணினியை அணைத்துவிட்டு விரலியை எடுத்தால், அது வந்த சுவடே இருக்காது.

ஒன்றைக் கவனித்தீர்களா? விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்காமலேயே கோப்புகள் திறந்துவிட்டன! உங்கள் மடிக்கணினியைத் திருடுபவருக்கும் இதே வழி திறந்திருக்கிறது. அதை அடைப்பதுதான் பிட்லாக்கர் போன்ற மறையாக்கம். அது இயங்கும் கணினியில், மீட்புக் குறியீடு இல்லாமல் நீங்களும் கோப்புகளைத் திறக்க முடியாது. ஆகவே, அக்குறியீட்டைப் பத்திரமாக எழுதி வையுங்கள். வன்தட்டே பழுதாகியிருந்தாலும் இந்த முறை கைகொடுக்காது.

இம்முறையை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் பயன்படுத்துங்கள். பள்ளிக் கணினி என்றால் ஆசிரியரிடம் அனுமதி பெறுங்கள். கணினி நலமாக இருக்கும்போதே ஒரு விரலியைத் தயார்செய்து, ஒருமுறை இயக்கிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே அறிவு!