வன்னிக் காட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய உறவினர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் வாழும் வன்னிக் காட்டைப் பற்றி இம்முறை சிறிது தெரிந்துகொள்வோம்.

ஓரிடத்தில் வாழும் மரம், செடி, பறவை, மிருகம், மீன், பூச்சி ஆகிய எல்லா வகைகளையும் சேர்த்து உயிர்ப்பல்வகைமை என்கிறார்கள். "காட்டுக்கு என்னங்க கணக்கு?" என்று கேட்கலாம். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. எந்த மலை எப்போது கவ்வாத்து என்று புத்தகத்தில் இருக்கும். காட்டையும் அப்படித்தான் கணக்கெடுக்க வேண்டும்.

முழுக் காட்டையும் எண்ண முடியாது. ஆகவே அங்கங்கே கயிறு பிடித்துச் சதுரம் அளந்து, அதற்குள் நிற்கும் பாலை, வீரை, முதிரை, கருங்காலி மரங்களை எண்ணி, நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள். விடியற்காலையில் ஒரே பாதையில் நடந்து பறவைகளைக் குறிப்பார்கள். யானை, கரடி கண்ணில் படாவிட்டாலும் காலடித் தடமும் எச்சமும் காட்டிக்கொடுத்துவிடும். தேன் எடுக்கிறவர், மாடு மேய்க்கிறவரிடமும் விசாரிப்பார்கள்.

இதனால் என்ன பலன்? கனகராயன் ஆற்றைப் பாருங்கள். வவுனியாப் பக்கம் தொடங்கி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. மேலே காட்டை அழித்தால் மழை மண்ணை அள்ளிவந்து குளத்தில் கொட்டும். குளம் தூர்ந்தால் வயலுக்குத் தண்ணீர் குறையும். களப்புக்கு வரும் பறவைக்கும் மீனுக்கும் கேடு.

யுத்தம் 2009இல் முடிந்தபின், எங்கே வீதியும் குடியிருப்பும் அமைக்கலாம், எங்கே காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று பார்க்க வட மாகாணம் முழுவதற்கும் ஒரு சுற்றாடல் மதிப்பீடு நடந்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஐ.நா. உதவியுடன் இதைச் செய்தன. அறிக்கை 2014இல் வெளிவந்தது. 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம், 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது.

ஆனால் கணக்குப் பிசகினால் அடி விழுவது ஏழைக்குத்தான். சனங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வயலிலும் பற்றை வளர்ந்து மரமாகிவிட்டது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் அதுவும் காடாகத்தான் தெரியும். திரும்பி வந்தவர் "இது எங்கப்பா உழுத நிலம்" என்றால் பத்திரம் கேட்பார்கள். மலையகத்திலிருந்து போன பல குடும்பங்களிடம் அதுதான் இல்லை. மரத்தை எண்ணுகிறவர்கள் மனிதரையும் கேட்டு எழுதினால்தான் கணக்கு நேராகும்.

ஆகவே வன்னியில் இருக்கும் உறவுகளுக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஒன்று, பழைய கூப்பன் அட்டை, வாக்காளர் பதிவு, பெர்மிட் எது இருந்தாலும் பத்திரமாக வைத்து, எல்லை குறிக்க வனவள அதிகாரிகள் வரும்போது கிராம சேவகரோடு கூடவே நிற்கட்டும். மற்றது, ஆற்றோரத்து மருத மரத்தில் கத்தி வைக்க வேண்டாம். நிலமும் வேண்டும், அதற்குத் தண்ணீரும் வேண்டும் அல்லவா?