அண்மைக் காலப் புதினங்களும் தன்வரலாறுகளும் – ஒரு வாசகப் பார்வை

முன்னுரை

தமிழில் புதினம் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு நிறைவை நெருங்குகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், இலங்கைக் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' என்னும் நூலை வெளியிட்டார். தமிழ்ப் புதினத்தின் தொடக்க நாளிலேயே முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் முன்வரிசையில் நின்றார் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தியாகும். ஆனால் அந்நூலின் கதைக்களம் எகிப்து நாடு. நம் கடலோரத்து மணல் தெருவும், மீன் உலரும் முற்றமும், தைக்காவின் திண்ணையும் ஒரு புதினத்தில் முழு உருவம் பெற்றுப் புகழடைய மேலும் நூறாண்டுகள் வேண்டியிருந்தன.

தொலைவிலுள்ளதை எழுதுதல் எளிது. தன் வாசலில் உள்ளதை எழுதுதல் அரிது. கடந்த நாற்பதாண்டுகளில் வெளிவந்த புதினங்களும் தன்வரலாறுகளும் சிலவற்றைப் படித்தபோது என் உள்ளத்தில் தங்கிய எண்ணம் இதுவே. செங்கற்பட்டையும் மாமல்லபுரக் கடற்கரையையும் நினைவில் கொண்டு அந்நூல்கள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

பாணன் நடந்த வழி

நம் பகுதி இலக்கியத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டின் வழிகளைப் பாடுவது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல், பரிசில் பெற்ற பாணன் மற்றொரு பாணனுக்கு வழி கூறும் முறையில் அமைந்தது. அவ்வழியில் உப்பு வண்டி ஓட்டும் உமணர் வருகின்றனர். எயினர், ஆயர், உழவர், வலைஞர் ஆகியோரின் குடியிருப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. எவர் வீட்டில் எவ்வுணவு கிடைக்கும் என்பதுகூடச் சொல்லப்படுகிறது. அதன் பின்னரே மேலைநாட்டுக் குதிரைகளும் வடநாட்டுப் பண்டங்களும் கலங்களில் வந்திறங்கும் நீர்ப்பெயற்று என்னும் துறையும், மாலுமிகளுக்கு ஒளி காட்டும் உயர்ந்த மாடமும் தோன்றுகின்றன. அந்நீர்ப்பெயற்றே பின்னாளைய மாமல்லபுரம் எனக் கருதுவோர் உளர்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மன்னனைக் காண்பதற்கு முன் மக்களைக் காண்கிறான் பாணன். உப்பும் கூழும் மீனும் பாடப்பட்ட பின்னரே அரண்மனை பாடப்படுகிறது.

அரசரும் பஞ்சமும்

இக்காலப் புதினத்தில் நம் கரை எவ்வாறு வருகிறது? கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்தது. அக்கதை மாமல்லபுரக் கடற்கரையின் நிலவொளியில் தம் உள்ளத்தில் கருக்கொண்டதை ஆசிரியரே எழுதியிருக்கிறார். பல்லவர் சிற்பத்தைத் தமிழ் மக்களின் உள்ளத்தில் பதித்த பெருமை அப்புதினத்திற்கு உண்டு. எனினும் அதில் நாம் காண்பது அரசர், ஆடலரசி, சிற்பி, தளபதி ஆகியோரையே. கடற்கரைக் கோயிலுக்கு அருகில் வலை உலர்த்தும் குடும்பம் அதன் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) வேறொரு செங்கற்பட்டைக் காட்டுகிறது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பஞ்சமும் சென்னை ஐஸ் ஹவுஸ் தொழிலாளரின் எதிர்ப்பும் இதன் பொருள். பஞ்சத்தைக் காண செங்கற்பட்டுச் சாலையில் செல்லும் அயர்லாந்து அதிகாரியின் கண்வழியே, வழியெங்கும் மடியும் மக்களைக் காண்கிறோம். படிப்போர் நெஞ்சை உலுக்கும் பகுதி அது. ஆயினும் பார்ப்பவன் அயலான்; மடிபவர்களுக்கோ பெரும்பாலும் பெயரில்லை.

தமிழ்மகனின் 'வெட்டுப்புலி' (2009) பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வட பகுதியை, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களைக் களமாகக் கொண்டது. தீப்பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட படத்தில் சிறுத்தையை எதிர்த்து நிற்கும் மனிதர் யார் என்னும் வினாவில் தொடங்கி, திராவிட இயக்கத்தின் வளர்ச்சியைத் தலைமுறை தலைமுறையாக விரிக்கிறது. நாள்தோறும் கையில் புழங்கும் ஒரு தீப்பெட்டிக்குள் ஒரு வட்டாரத்தின் வரலாறு அடங்கியிருக்கக் கூடும் என்று காட்டிய வகையில் மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் இது.

பிற கரைகள் பெற்ற பேறு

தென்கோடிக் கரைகள் நம்மினும் பேறு பெற்றவை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) ஒரு மீனவக் குடும்பத்தைக் கொண்டு, பாய்மர வள்ளத்திற்கும் விசைப்படகிற்கும் இடையில் ஒரு சமுதாயம் பிளவுபடுவதை அமைதியாகச் சொல்கிறது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) 1933 முதல் 1985 வரையிலான பரதவர் வாழ்க்கையை மூன்று தலைமுறைகளின் வழியே விரிக்கிறது. காற்றின் பெயர்களும் மீன்களின் பெயர்களும் கட்டுமரத்தின் உறுப்புகளும் அந்நூலில் நிரம்பியுள்ளன. முதற்படிப்பில் அவை தடையாகத் தோன்றும். நூறு பக்கம் கடந்தால், அச்சொற்களே கடலாகிவிடுவதை உணரலாம். இவ்வாசிரியரின் 'கொற்கை' 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்து 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாளம் பயின்றவர். அவருடைய 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988-இல் நூலாயிற்று. செல்வத்தாலும் பரம்பரைப் பெருமையாலும் ஊரை அடக்கி வைத்திருக்கும் முதலாளி, சமயத்தின் பெயரால் ஏமாற்றும் போலி, பள்ளிக்கூடம் நடத்த வந்த ஆசிரியர், இவர்களுக்கிடையில் அகப்பட்ட ஏழை மக்கள் ஆகியோரே அதன் மாந்தர். அடுத்து வந்த 'துறைமுகம்' (1991), மீன் உலர்த்திக் கொழும்புக்கு அனுப்பும் எளியவர்கள் வணிகத்தில் ஏமாற்றப்படுவதைச் சொல்கிறது. உழைக்காமல் முன்னோர் சொத்தை விற்று உண்ணும் குடும்பத்தின் வீழ்ச்சியைச் சித்திரிக்கும் 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இவ்வெழுத்தாளர்கள் எவரும் தம் ஊரை அலங்கரித்துக் காட்டவில்லை. வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதினர். வீட்டின் குறைகளையும் எழுதினர்.

வீட்டுச் செய்தி வீதிக்கு வரலாமா?

இவ்விடத்தில் சமுதாயப் பெரியவர்கள் எழுப்பும் வினா ஒன்றைப் புறக்கணித்தல் முறையன்று. நம் குறைகளை நாமே எழுதினால், ஏற்கெனவே நம்மைக் குறைகூறக் காத்திருப்போர்க்கு அது கருவியாகாதா என்பதே அவ்வினா. மீரானின் நூல்களுக்கும் இவ்வினா எழுந்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வெளிவந்தபோதும் எழுந்தது. வயது வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் பெண்களின் உலகை, சமையலறைக்குள்ளும் மாடத்திற்குள்ளும் நிகழும் பேச்சை, ஒரு சிறுமியின் கண்ணும் உடன் சேர்ந்து காணும்படி எழுதியவர் சல்மா. வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதத் தொடங்கியவர் அவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரியவர்களின் அச்சம் பொருளற்றதன்று. எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மீரானின் முதலாளியைக் கண்டு பிற சமயத்து வாசகர் முஸ்லிம்களை வெறுக்கவில்லை. தம் ஊர்ப் பண்ணையாரை நினைத்துக்கொண்டனர். சல்மா காட்டிய பூட்டிய அறைக்குள் பிற சமயத்துப் பெண்களும் தம் பாட்டியரைக் கண்டனர். மறைத்தவை வதந்தியாகத் திரியும். எழுதியவையோ அனைவர்க்கும் பொதுவான மனித அனுபவமாகும். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை வெளியிட்டபோது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் மதிப்புரை வழங்கிச் சிறப்பித்தார். பெண் எழுதுவதே வியப்பாக இருந்த நாளில் அப்பெருமாட்டி எழுதினார், தமிழுலகம் வரவேற்றது. அத்துணிவுக்கு முன் இன்றைய தயக்கம் சிறியது.

ஏரியும் ஒரு கதைமாந்தர்

கடலைப் போன்றே செங்கற்பட்டுக்கு உரியது ஏரி. 'ஏரி மாவட்டம்' என்னும் பெயரே இதற்குண்டு. கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் நம் அன்றாடக் காட்சிகள். சோ. தர்மனின் 'சூல்' (2016) தூத்துக்குடி மாவட்டத்து உருளைக்குடிக் கண்மாயைப் பற்றியது. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஊரார் கூடித் தூர்வாரிக் காத்த கண்மாய், பொறுப்பு கைமாறிய பின் யாருக்கும் உரியதல்லாமல் போகும் அவலத்தை அது கூறுகிறது. அதைப் படிப்பவர் செங்கற்பட்டுக்காரராயின், கண்மாய் என்னுமிடத்தில் ஏரியென்றும் மடை என்னுமிடத்தில் மதகென்றும் தாமே மாற்றிப் படித்துக்கொள்வார்.

மதுராந்தகம் ஏரிக்கும் ஒரு கதையுண்டு. 1790-களில் ஆட்சியராயிருந்த லயோனல் பிளேஸ் காலத்தில், உடையவிருந்த கரையை இராமர் காத்தார் என்பது அங்குள்ள நம்பிக்கை. 'ஏரி காத்த ராமர்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் அம்மழை இரவில் கூடை சுமந்து கரையில் மண் கொட்டியிருக்கக் கூடிய மனிதரைப் பற்றிய புதினத்தை யான் இதுவரை கண்டதில்லை.

தன்வரலாறு காட்டும் துணிவு

புதினம் பெயரை மாற்றி உண்மையைச் சொல்லும். தன்வரலாறு பெயரோடு சொல்லும். ஆதலின் அதற்குக் கூடுதல் துணிவு வேண்டும். அத்துணிவுக்குச் சான்று செங்கற்பட்டு மண்ணிலேயே உள்ளது. மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறுநூலை எழுதினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் அவர். ஆயினும் அந்நூலில் நம்மை நிறுத்திவைப்பது இலண்டனன்று. கோயம்புத்தூரில் படித்த நாளில், தம் சாதி பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்றஞ்சி மாணவர்களோடு கலவாமல் ஒதுங்கியிருந்த சிறுவனின் நிலையே. பெரிய மனிதராகிய பின்னும் அச்சிறுவனை அவர் மறைக்கவில்லை. சில பக்கங்களே கொண்ட அந்நூல், பல பெரிய நூல்களினும் கனமுடையது.

மாணவர்கள் நன்கறிந்த தன்வரலாறு டாக்டர் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. ஆங்கில மூலம் 1999-இல் வெளிவந்தது. ஏவுகணைகளைப் பற்றிய பகுதிகளைப் பலர் மேற்கோள் காட்டுவர். எனக்கோ, இராமேசுவரம் கடற்கரையில் தந்தையார் மரப்படகு கட்டியதும், புயல் அப்படகைக் கொண்டுபோனதும், இரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரித்ததும் ஆகிய தொடக்கப் பகுதிகளே அந்நூலின் அடித்தளமாகத் தோன்றுகின்றன. விண்வெளியை நோக்கியவரும் தம் கரையை எழுதிய பின்னரே மேலே சென்றார்.

எழுதப்படாத பக்கங்கள்

நம் கரையில் எழுதப்படாதவை எத்தனை! பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் சென்ற படகுகளின் காலம் முடிந்துவிட்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, தாது ஆண்டுப் பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. அக்கால்வாயே ஒரு புதினத்திற்குப் போதும். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வந்து செல்கின்றனர். வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு நஞ்சு எடுத்து, மருந்து செய்ய உதவிவரும் இருளர் மக்கள் உள்ளனர். மாமல்லபுரத்தில் இன்றும் உளியொலி கேட்கிறது; அச்சிற்பிகளின் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடும் பெற்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் கிடந்த பழைய முருகன் கோயிலை வெளிக்கொணர வழி செய்தது. அதே அலை குப்பங்களில் எடுத்துச் சென்றவற்றைப் பற்றிய நினைவுகள் இன்னும் வாய்மொழியாகவே உள்ளன.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் விடுதிகளும் மதில்களும் எழுந்துவிட்டன. நிலத்தோடு சொல்லும் கைமாறுகிறது. கச்சான், கொண்டல், வாடை எனக் காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்கள் மறைந்தால் அகராதியில் சொல் இருக்கும். அச்சொல்லின் பின்னுள்ள வாழ்க்கை இராது.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! புதினம் எழுதுதல் எல்லார்க்கும் கைகூடாது. ஆனால் உங்கள் வீட்டுப் பாட்டியாரிடமோ நன்னாவிடமோ அமர்ந்து, அவர்கள் செய்த தொழிலையும் பட்ட துன்பத்தையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இயலும். தேதியும் ஊரும் குறியுங்கள். திருத்தி அழகுபடுத்த முயலாதீர்கள். ஆசிரியர்கள் அதனைப் பயிற்சிக் கட்டுரையாக ஏற்கலாம். துறை நூலகத்தில் பேணலாம். பெரியவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். பெருமையை மட்டுமன்றித் தோல்வியையும் சொல்ல வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையின் பாணன் இவ்வழியே நடந்து, உப்பு வண்டிக்காரரையும் வலைஞரையும் கண்டு சொன்னதனாலேயே, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மக்களை இன்று நாம் அறிகிறோம். நம்மையும் நம் முன்னோரையும் பின்வருவோர் அறிவதற்குரிய குறிப்பேட்டை இன்றே திறப்போமாக.